கயிற்றோடு ஓட அனுமதி

ஊர்ப் பெயரை மாற்றிய வருஷம் எனக்கு நல்ல வருஷம். முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருந்தேன். பாண்டிச்சேரி என்று இருந்ததையெல்லாம் புதுச்சேரி என்று மாற்ற வேண்டியிருந்ததால் லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், பில் புக் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வருஷம்தான் என் கணவர் வீட்டுக்கு ஒரு நாயைக் கூட்டிவந்தார்.

அவருக்குக் கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஓட்டலில் வேலை. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவைச் சேர்க்க வந்த ஒருவரோடு அந்த நாயும் பஸ் ஏறி வந்துவிட்டதாம். "ரெண்டு நாள் பாத்துக்குங்கண்ணே, அம்மாவ டிஸ்சார்ஜ் பண்ணதும் வாங்கிக்கிறேன்" என்று அவர் ஓட்டல் கொல்லையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா நல்லபடியாகக் குணமாகி, பத்தாம் நாள் இருவரும் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க பாக்கலியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். ஜன்னல் சீட்ல இருந்தாரு. கை காட்டினாரு."

"நீங்க?"

"நானும் காட்டினேன்."

நாயைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதே பெயரில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இதில் ஏற்கெனவே வருத்தம்.

எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. நாய் வயலில் ஓடி வளர்ந்தது. முதல் வாரமே தன்னைக் கட்டியிருந்த கிரைண்டரை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டது. தெருவில் விடலாமென்றால் காலை ஆறு மணிக்கே இரண்டு பக்கமும் வண்டிகள். நாய்க்கு ஓட வேண்டும், அவ்வளவுதான் அதன் தேவை. அதை நிறைவேற்றுவது இவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

விடிந்ததும் குருசுக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் அது கயிற்றை உருவிக்கொண்டு நேராகக் கருவாடு காய வைத்திருந்த தார்ப்பாயின் மேல் ஏறியது. ஒரு அம்மா கையில் துடைப்பத்தோடு வந்தார்.

"யாருதும்மா இந்த நாயி?"

"என்னுதுதான்."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பட்டினி போட்டு வச்சிருக்கியா?" என்றார்.

இல்லை, அதற்கு ஓட இடமில்லை, அதுதான் பிரச்சினை என்றேன். அவர் பக்கத்தில் மூன்று நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கருவாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன்.

"பழக்கறதென்ன? தின்னு தின்னு அலுத்துப்போச்சு அதுங்களுக்கு."

அவர் தலையில் கூடை வைத்து எங்கள் பக்கத்துத் தெருக்களிலேயே மீன் விற்பவர். அன்றிலிருந்து அவரை அக்கா என்று கூப்பிட்டேன். கரையில் வலை காயும், கருவாடு காயும், இங்கே வேண்டாம் என்று அவர் சொன்னது நியாயம். பீச் ரோட்டுக்குப் போனேன். நடக்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார், அதுவும் நியாயம். பூங்கா வாசலில் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று போர்டு இருந்தது. போர்டோடு என்ன பேச முடியும்?

ரேஷன் கடைக்குப் பின்னால் அரசாங்கத்துக் காலி இடம் ஒன்று உண்டு. மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் சுவர் இல்லை, ஆனால் கேட் இருந்தது. கேட்டுக்குப் பூட்டும் இருந்தது. அந்த இடம் எதற்காக என்று யாருக்கும் தெரியாது. நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் நாய் ஓடுவதற்கு அதைத் தருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. கடையில் உட்கார்ந்தபடி ஊராருக்கு எத்தனையோ மனு டைப் செய்து கொடுத்திருக்கிறேன். நமக்காக ஒன்று செய்தால் என்ன?

முதலில் ஆள் சேர்க்க வேண்டும். ஒரு நோட்டீஸ் அடித்து நாற்பது இடத்தில் ஒட்டினேன். "நாய் வளர்ப்போர் கவனத்திற்கு. உங்கள் நாய் பற்றிய முழு விவரங்களுடன் கீழ்க்கண்ட முகவரிக்கு உடனே வரவும்." உடனே என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டேன். கட்டமும் கட்டினேன்.

மறுநாளே முத்தியால்பேட்டையில் நாய்கள் காணாமல் போயின. தெரு நாய்களைத் தவிர ஒன்றும் வெளியே இல்லை. நாய் பிடிக்கிறார்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள் என்று பேச்சு. ஆறு வருஷமாகப் பொமரேனியன் வளர்க்கும் எதிர்வீட்டு அம்மாவிடம் போய், நோட்டீஸ் என்னுடையதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன்.

"எங்க வீட்ல நாயே இல்லியே" என்றார். உள்ளே குரைத்தது.

"கேக்குதே."

"அது டிவி" என்றார்.

நோட்டீஸைப் பார்த்து வந்தது ஒரே ஒருவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி, பளபளக்கும் ஷூ. கூடவே ஒரு வயதான குட்டைக்கால் நாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், அவர் அப்படி ஒரு சொல்தா. மனைவி இறந்து, பிள்ளைகள் பிரான்சில் இருக்க, நாயோடு தனியாக இருந்தார். நாய்க்குப் போட்ட ஊசிகளையெல்லாம் குறித்து வைத்த புத்தகத்தை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, மதாம். பாத்துக்கங்க. என் நாய் மேல யார் புகார் குடுத்தது?"

யாரும் புகார் கொடுக்கவில்லை முசியே, என்று பிரெஞ்சு மரியாதையோடே விஷயத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு நோட்டீஸைக் கையில் எடுத்து முழுவதும் படித்தார்.

"இத வச்சி நாய் புடிக்கலாம், மதாம். ஆள் புடிக்க முடியாது" என்றார்.

அன்று மதியம் சைக்கிளில் போய் நாற்பதையும் கிழித்தேன்.

அடுத்ததாக நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். அது இன்னும் மோசம். தொப்பியும் ஷூவுமாக ஒருவர், கையில் ஃபைலோடு ஒருத்தி. கதவைத் திறப்பதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தினார்கள். ஐந்து வீட்டில் ஐந்தும் அப்படி. ஆறாவது வீட்டு வாசலில் மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு, என்ன சமாச்சாரம் என்று கேட்டார்.

"இதுக்காடி இப்படி அலையிறீங்க? நாய்க்குன்னு தனியா பொடி மீனு வாங்குற வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அங்கேயே கூடை ஓரத்தில் குந்திக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். பத்தொன்பது வீடு. எந்த வீட்டில் எந்த நாய், எது கடிக்கும், எந்த வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் நாய்க்குப் போடுகிறார்கள் எல்லாம் சொன்னார். எதிர்வீட்டு டிவியும் அதில் இருந்தது. வாரம் தவறாமல் சங்கரா மீன் தின்னுமாம்.

அக்கா போய்ச் சொன்னதும் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காலி இடத்திலேயே கூட்டம் போட்டோம். பதினொரு பேர், ஒன்பது நாய்கள். நாய்களைக் கூட்டிவரச் சொன்னது என் தவறு. நான் வரவேற்புரையை ஆரம்பிப்பதற்குள் என் நாயும் ஒரு பல் டாக்டரின் லாப்ரடாரும் கட்டிப் புரண்டன, மற்றவை சேர்ந்துகொண்டன. சொல்தா ராணுவக் குரலில் "அசி!" என்று ஒரு சத்தம் போட்டார். பிரெஞ்சில் உட்கார் என்று அர்த்தம். அவர் நாய் உட்கார்ந்தது. பல் டாக்டரும் உட்கார்ந்துவிட்டார். மற்ற யாரும் கேட்கவில்லை. கடைசியில் அக்கா கூடையிலிருந்து ஒரு கை மத்தியை அள்ளி மூலைக்கு வீசினார். சண்டை அந்த மூலைக்குப் போய் முடிந்தது.

மனு கொடுப்பது என்று ஏகமனதாக முடிவானது. ஒருவருக்கும் வேறு கருத்து சொல்ல மூச்சில்லை.

வாசகத்தைத் தான் எழுதுவதாகச் சொல்தா சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார், அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம், பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"முதல் பக்கம் முழுக்க மரியாதைதான், மதாம். விஷயம் ரெண்டாவது பக்கத்துல வருது."

விஷயத்தை மட்டும் தமிழில் ஐந்து வரியாக டைப் செய்தேன். நாய்களும் இந்த ஊரில் வசிக்கின்றன, அவற்றுக்கு ஓட இடமில்லாததால் தெருவில் ஓடுகின்றன, தெருவில் ஓடுவதால் மனிதர்களுக்குத் தொந்தரவு, ஆகவே மேற்படி இடத்தையும், நகரில் வாய்ப்புள்ள பிற இடங்களையும் நாய்கள் ஓட ஒதுக்கித் தர வேண்டுகிறோம். மரியாதையைக் கடைசியில் ஒரு வரியில் போட்டேன். அவருக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்று சொல்லவில்லை. நான் இன்னும் அங்கே போய் வர வேண்டியிருக்கிறது. அதிகாரி தன்மையான மனிதர். மனுவை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"பத்தொம்பது வீட்ல எத்தன நாய்ம்மா?"

"இருபத்திமூணு சார்."

"எத்தனைக்கு லைசென்ஸ் இருக்கு?"

நானும் சொல்தாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாய்க்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இல்லாத நாய்க்கு நான் எப்படி இடம் தருவது என்று அவர் கேட்டார். காகிதத்தைப் பொறுத்தவரை எங்கள் நாய்கள் இல்லைதான்.

செய்தி தெருவுக்குப் போனதும் பத்தொன்பதில் பதினோரு வீட்டார் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள். எதிர்வீட்டு அம்மா மறுபடியும் டிவிக்குத் திரும்பிவிட்டார். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. என் கணவர் வேறு, "ஒரு நாய்க்கு எடம் கேட்டு, ஊர்ல இருக்கற நாய எல்லாம் காட்டிக் குடுத்துட்ட" என்றார். அவர் கூட்டிவந்த நாய் என்பதை நினைவுபடுத்தினேன்.

விடாமல் இருந்தது சொல்தா. அவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருந்தது பெரிய அவமானமாகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கே போய் நின்று விண்ணப்பம் கேட்டார். கடைசியாக எப்போது நாய் லைசென்ஸ் கொடுத்தோம் என்று அங்கிருந்த கிளார்க்குக்கு ஞாபகமில்லை. இரண்டு பீரோவைக் கலைத்து, ஒரே ஒரு படிவத்தைக் கண்டுபிடித்தார். ஒன்றுதான் இருக்கிறது, கொடுத்துவிட்டால் ஆபீஸுக்கு இருக்காது என்று யோசித்தார். சொல்தா அதை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, ஐம்பது காப்பி எடுத்து, ஒரிஜினலோடு நாற்பதை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். கிளார்க் எழுந்து நின்று கும்பிட்டாராம்.

படிவத்தில் நாயின் உபயோகம் என்று ஒரு கட்டம். காவல், வேட்டை, இதர. அக்கா மூன்று நாய்க்கும் காவல் என்று எழுதச் சொன்னார். எதைக் காக்கின்றன என்று கேட்டேன். "என்னத்தான். வேற யாரு இருக்கா?" என்றார். நான் எங்கள் நாய்க்கு இதர என்று போட்டேன். சொல்தா வெகுநேரம் யோசித்து, பேனாவை மூடிவிட்டு, "இதுல சரியான கட்டம் இல்ல, மதாம்" என்றார். அவருக்கும் இதரதான் போட்டோம்.

ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். அதற்கு அக்கா மூன்று நாய்களையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்ற பயணிகள் இறங்கிக்கொண்டார்கள். இப்படி ஒவ்வொன்றாக மழைக்காலம் முடிவதற்குள் பதினாலு நாய்களுக்கு லைசென்ஸ் ஆகிவிட்டது. பயந்து போனவர்களில் சிலரும் திரும்பி வந்தார்கள். எதிர்வீட்டு அம்மா பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது நேத்துதான் வாங்கினது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வாழ்த்துச் சொன்னோம்.

மனு நகரவில்லை. தை பிறந்தது. ஒரு நாள் காலை சொல்தா தனியாகக் கடைக்கு வந்தார். நாய் இல்லாமல் அவரை அதுவரை நான் பார்த்ததில்லை. லைசென்ஸை நீட்டினார்.

"ஒரு காப்பி, மதாம்."

"எதுக்கு முசியே?"

"பின்னால எழுதியிருக்கு. நாய் எறந்துபோனா ஒரிஜினல ஆபீஸ்ல ஒப்படைக்கணும். காப்பி நான் வச்சிக்கிறேன்."

லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். உண்மையிலேயே எழுதியிருந்தது. அதை அதுவரை எங்களில் யாரும் படித்ததில்லை. ஓரத்தில் அவர் நாயின் சின்ன போட்டோ ஒட்டியிருந்தது. என் மெஷினில் போட்டோவைக் காப்பி எடுத்தால் முகம் கறுத்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, ஏழெட்டுத் தாள் போனபிறகு கண் தெரிகிற மாதிரி ஒன்று வந்தது. அவர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பியை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு ஸ்கூலுக்கு அடித்த லெட்டர்பேடில் மறுபடியும் பாண்டிச்சேரி என்று போட்டுவிட்டேன்.

இனி அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

பங்குனியில் இடத்தைப் பார்க்க இஞ்சினியர் ஒருவரும் அந்த அதிகாரியும் வந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் விஷயம் தெரிந்து சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு பெண், பழைய மில் தொழிலாளி குடும்பம், மூன்று பிள்ளைகளின் தாய், நேரடியாகக் கேட்டாள்.

"புள்ளைங்களுக்கு வெளையாட எடம் இல்ல. நாய்க்கு எடமா? உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

அது நியாயமான கேள்வி. நானே படுக்கும்போது என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. அக்காதான் பேசினார்.

"உன் புள்ளைங்க எத்தினி மணிக்கு எழுந்திருக்கும்?"

"ஏழு ஏழரை ஆவும்."

"அப்ப ஏழு மணிக்கு நாங்க போயிடறோம். நாயி போட்டதையும் நாங்களே அள்ளிட்டுப் போறோம். அப்புறம் நாளெல்லாம் உன் புள்ளைங்க வெளையாடட்டும். இத்தினி வருஷமா பூட்டித்தான கெடக்குது? நீ வந்து கேட்டியா? நாங்க கேக்கறோம், நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

அந்தப் பெண், "அள்ளலன்னா?" என்றாள்.

"என் வீடு தெரியுமில்ல? வந்து கேளு."

அவள் கையெழுத்துப் போட்டாள். வரிசையில் நின்ற இன்னும் நாலைந்து பேரும் போட்டார்கள். இஞ்சினியர் எங்களை வரிசையாக நிற்கவைத்து யார் நாய் எது என்று பட்டியலோடு சரிபார்த்தார். சொல்தாவிடம் வந்தார்.

"உங்க நாய் எது சார்?"

"எனக்கு நாய் இல்ல."

"அப்புறம் நீங்க எதுக்கு இதுல?"

"நாய் இருந்தப்போ எடம் இல்ல" என்றார் சொல்தா.

இஞ்சினியர் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

சித்திரையில் உத்தரவு வந்தது. "தலைவர், நாய்கள் சங்கம்" என்று என் கடை முகவரிக்கு. என் கணவர் அதை ஓட்டலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தினமும் காலை ஐந்தரை முதல் ஏழு வரை, தற்காலிகமாக, ஆறு மாதத்துக்கு. கீழே நிபந்தனைகள். நாலாவது நிபந்தனை: நாய்களை எந்நேரமும் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

நாயை அவிழ்த்து ஓடவிடத்தானே இடம் கேட்டோம் என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் படித்துப் பார்த்தார். "ஓடக்கூடாதுன்னு எழுதலியேம்மா. கயிற்றோட ஓடலாம்" என்றார்.

ஆகவே நாங்களும் ஓடினோம். முதல் நாள் காலை பதிமூன்று நாய்களும் பன்னிரண்டு பேரும் கயிற்றோடு அந்த இடத்தைச் சுற்றி ஓடியதை ரேஷன் கடைச் சுவரில் உட்கார்ந்து பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. என் கணவர் இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அது நிபந்தனைக்கு விரோதமா என்று யாருக்கும் தெரியவில்லை. பல் டாக்டரை அவர் நாய் ஓட்டிப்போயிற்று.

அக்காவுக்கு மூன்று நாய், இரண்டு கை. ஒரு கயிறு எப்போதும் மீதி. சொல்தா ஓரத்தில் நிற்பதைப் பார்த்து, மூன்றில் கறுப்பு நாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். "சும்மாதான நிக்கிறீங்க சொல்தா ஐயா, இத கொஞ்சம் புடிங்க." அவர் வாங்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் கழித்து அக்கா, அதை வீட்டுக்கே கூட்டிப்போங்களேன் என்று கேட்டார்.

"வேணாம். எனக்கு வயசாயிடுச்சி. எனக்கப்புறம் அது எங்க போகும்?"

"எங்க போவும்? என் வூட்டுக்கு வரும். இங்கதான இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார், ஆனால் கூட்டிப்போகவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் அதோடு நடந்துவிட்டு, ஏழு மணிக்குக் கயிற்றை அக்கா கையில் திருப்பிக் கொடுத்து, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். கறுப்பு நாய் அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அவர்தான் குப்பத்துத் தமிழில் அதைத் திட்டக் கற்றுக்கொண்டார்.

உத்தரவை இரண்டு முறை புதுப்பித்தார்கள். அதற்கிடையில் ஒரு காலை என் நாய் கழுத்துப் பட்டையை நழுவவிட்டுவிட்டது. கயிறு என் கையில், நாய் இல்லை. காதை மடக்கிக்கொண்டு, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி, சுவரோரமாக முழு இடத்தையும் சுற்றி ஓடியது. எல்லோரும் நின்றுவிட்டோம். மற்ற நாய்கள்கூடக் குரைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அந்த அதிகாரி ரேஷன் கடைப் பக்கம் வந்திருந்தார், கையில் சர்க்கரைப் பையோடு நின்று பார்த்தார். மூன்று சுற்று ஓடிவிட்டு அது என் காலடியில் வந்து படுத்து நாக்கைத் தொங்கப்போட்டது. பட்டையை மாட்டினேன். அதிகாரி பையைக் கை மாற்றிக்கொண்டு, மணி என்ன என்று பல் டாக்டரிடம் கேட்டார். ஆறே முக்கால் என்றார் டாக்டர். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை புதுப்பிக்கவில்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், நாங்களும் குடிக்கிறோம், சண்டை போட முடியாது. வேறு இரண்டு இடங்களைக் குறிப்பிட்டு புது மனு கொடுத்தோம். இந்த முறை முப்பத்தொன்று கையெழுத்து. எல்லா நாய்க்கும் லைசென்ஸ் இருந்தது. மனுவைச் சொல்தாவே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதில் மரியாதை பாதிப் பக்கம் இருந்தது. நான் ஒரு வார்த்தையும் எடுக்காமல் அப்படியே டைப் செய்தேன்.